வெளியே போனால் கூப்பிட்டாலும் வராத ஃபாக்ஸ் டெரியர் நாய்

கேள்வி: எட்டு மாத வயர் ஃபாக்ஸ் டெரியர். வீட்டுக்குள் சொன்னபடி கேட்கிறது. வெளியே அணிலைக் கண்டால் காதே கேட்பதில்லை. தோட்டமெல்லாம் பள்ளம். பழக்க முடியுமா?

பதில் 1: முடியும். வளைக்குள் புகுந்து நரியை வெளியே விரட்ட உருவாக்கிய இனம். தானே முடிவெடுப்பது அதன் தொழில்புத்தி. பத்து மீட்டர் கயிற்றை ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டுங்கள். கழுத்துப்பட்டை வேண்டாம், பாய்ந்து ஓடிச் சுண்டினால் கழுத்து அடிபடும். பெயரை ஒரே முறை சொல்லுங்கள்; திரும்பிப் பார்த்த நொடியே தீனி. துரத்த ஆரம்பித்தபின் கத்தினால் அந்தச் சொல்லுக்கே மதிப்புப் போய்விடும்.

பதில் 2: ஒரு தடவைக்கு நான்கு நிமிடப் பயிற்சி போதும், அதற்குமேல் சலித்துவிடும். தோண்டுவதை நிறுத்தப் பார்க்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள்: மணல் தொட்டியில் பொம்மையைப் பாதி வெளியே தெரியப் புதைத்துக் காட்டுங்கள்.

பதில் 3: கூப்பிட்டு வந்ததுமே வீட்டுக்கு இழுத்துப்போனால் அடுத்த முறை வராது. தீனி கொடுத்து மறுபடி விளையாட விடுங்கள். முயல், வெள்ளெலியோடு தனியே மட்டும் விடாதீர்கள்.