குதிரைக்கு நீலம் போட்டால் என்ன?

ராதா: (படம்)
இனியா இன்று பள்ளியில் வரைந்தது. இரண்டாம் வகுப்பு முழுக்க இன்று குதிரைதானாம்.

அப்பா: பேத்தி நன்றாக வரைந்திருக்கிறாள். ஆனால் குதிரை ஏன் நீலமாக இருக்கிறது? பழுப்பு கலர் தீர்ந்துவிட்டதா? புதுப் பெட்டி வாங்கி வரட்டுமா?

ராதா: நானும் கேட்டேன் அப்பா. மிஸ் காட்டிய குதிரையும் நீலம்தான் என்கிறாள்.

மீனா: அது ஃப்ரான்ஸ் மார்க் குதிரை அக்கா! ஜெர்மன் ஓவியர். 1911-இல் நீலக் குதிரைகளாக வரைந்தார். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இவரைத்தான் காட்டுவேன்.

பிரபு: குதிரைக்கு ஏன் நீலம்?

மீனா: ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம் உண்டு என்று நம்பியவர் அண்ணா. நீலம் ஆன்மிகம், மஞ்சள் மென்மை, சிவப்பு முரட்டுத்தனம். பாவம், முதல் உலகப் போரில் 36 வயதில் இறந்துவிட்டார்.

மீனா: இனியாவிடம் பசிக்காரக் கம்பளிப்பூச்சி புத்தகம் இருக்கிறதே, பக்கமெல்லாம் ஓட்டை போட்டு? அதைச் செய்த எரிக் கார்ல் ஜெர்மனியில் படித்தபோது ஹிட்லர் ஆட்சி. இந்த மாதிரி ஓவியங்களுக்குத் தடை. அவருடைய டிராயிங் வாத்தியார் அவரை வீட்டுக்கு அழைத்து, ரகசியமாக இந்தப் படங்களின் பிரதிகளைக் காட்டினார். அந்த நினைவில் 2011-இல் கார்ல் ஒரு படப் புத்தகமே போட்டார். அதில் குதிரை நீலம், முதலை சிவப்பு, பசு மஞ்சள்.

அம்மா: பிள்ளைக்குப் படம் காட்ட ஒரு வாத்தியார் இவ்வளவு பயப்பட வேண்டியிருந்ததா!

அப்பா: நம் ஊர் அய்யனார் கோயிலில் ஒரு மண் குதிரைக்குப் பச்சை அடித்திருந்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. நீலமே இருக்கட்டும் ராதா.

ராதா: பிடரியில் வரிவரியாகத் தெரிகிறது பாருங்கள். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே சீப்பால் இழுத்தாளாம். பின்னால்தான் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்டுகிறார்கள். நான் ஒரு மலை போட்டு அனுப்பட்டுமா?

மீனா: வேண்டவே வேண்டாம் அக்கா, கை வைக்காதே. வீட்டுக்குப் போய் வரும் படங்களில் பாதி அம்மாக்களின் கைவேலை. தன் படம் எது என்று தெரியாமல் பிள்ளை சுவர் முன்னால் நிற்கும். எனக்கு வயிறு எரியும்.

ராதா: சரி சரி, தொடவில்லை.

பிரபு: கவினும் செய்ய வேண்டுமாம். என்ன வாங்கட்டும்?

மீனா: டிஷ்யூ தாளும் போஸ்டர் கலரும் போதும் அண்ணா. கார்ல் முதலில் தாளுக்குத்தான் வண்ணம் பூசுவார். காய்ந்த பிறகு வெட்டி ஒட்டுவார். ஒரு நாள் முன்பே பூசி வைத்துவிடுங்கள். ஈரத்தில் கத்தரி வைத்தால் கிழிந்துவிடும்.

அம்மா: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இங்கே வாருங்கள். மைதா பசை காய்ச்சி வைக்கிறேன்.

பிரபு: வருகிறோம் அம்மா. கவின் யானை செய்யப் போகிறானாம், நிறம் இன்னும் முடிவாகவில்லை.