ரெசாங் லா: 1300 சீனர்கள் என்று எண்ணியது யார்?

கணக்குப்பிள்ளை: 1962 இந்திய-சீனப் போர், நவம்பர் 18, லடாக்கின் ரெசாங் லா கணவாய். மேஜர் சைத்தான் சிங்கின் 120 பேர் 1300 சீனர்களைக் கொன்றார்கள் என்று ஒருவர் இன்றைக்கும் எழுதியிருக்கிறார். எண்ணியது யாராம்?

பழைய சிப்பாய்: வந்துட்டாருய்யா! 16,000 அடிக்கு மேலே, ஹரியானா சமவெளியில் வளர்ந்த பையன்கள், கையில் பழைய .303 துப்பாக்கி. நடுவில் மலை மறித்ததால் நம் பீரங்கிகளால் உதவவும் முடியவில்லை. அந்த 120 பேர்தான் 13 குமாவுன் படைப்பிரிவின் சார்லி கம்பெனி, அதில் 114 பேர் செத்தார்கள். காயம்பட்ட மேஜர், தூக்கிப் போனவர்களிடம் என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். இவரிடம் ரசீது காட்ட வேண்டுமாம்.

கணக்குப்பிள்ளை: 114 பேரை யார் மறுத்தார்கள்? 1300-க்குப் பதில் சொல்லுங்கள். போர் முழுவதிலும் 722 பேர்தான் இறந்ததாகச் சீனா சொல்கிறது.

பழைய சிப்பாய்: சீனா சொன்னால் வேதமோ? 2020 கல்வான் மோதலில் தங்கள் பக்கம் செத்தது 4 பேர் என்று சொல்லவே அவர்களுக்கு எட்டு மாதம் ஆனது.

கணக்குப்பிள்ளை: சரி, சீனாவை விடுங்கள். 1300?

வைகைக்கரை: பரம்வீர் சக்ரா மேஜருக்கு மட்டும்தானே? பெயர் அதிகாரிக்கு, சாவு சிப்பாய்க்கு.

பழைய சிப்பாய்: தம்பி, மேஜரும் அங்கேதான் செத்தார். ஜவான்களுக்கும் வீர் சக்ரா உண்டு, தேடிப் படி. 1963 பிப்ரவரியில் உடல்களைக் கண்டெடுத்தபோது துப்பாக்கி பிடித்த கை அப்படியே உறைந்திருந்தது. மோர்ட்டார்காரர் கையில் குண்டு. இதற்கும் சாட்சி வேண்டுமா?

வைகைக்கரை: நான் கேட்க வந்தது அஹீர் ரெஜிமெண்ட் பற்றி. அந்த 120 பேரில் பெரும்பாலோர் அஹீர்கள், அதாவது யாதவ சாதியினர். இன்னும் தனி ரெஜிமெண்ட் இல்லையே, ஏன்?

பழைய சிப்பாய்: சாதியைக் கொண்டுவராதே, அதற்குத் தனி விவாத இழை போடு. கணக்குப்பிள்ளை சாருக்கு இது வழக்கம். 1971 லோங்கேவாலா சண்டை பற்றிய இழையில் பாகிஸ்தான் டாங்கிகளை அழித்தது நம் ஹண்டர் போர் விமானங்கள்தான், அங்கே காவல் நின்ற கம்பெனியின் தலைவர் மேஜர் சாந்த்புரி சும்மா உட்கார்ந்திருந்தார் என்ற அதே ஆள்!

கணக்குப்பிள்ளை: சும்மா உட்கார்ந்திருந்தார் என்று நான் எழுதவே இல்லை. விமானப்படை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதற்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

பழைய சிப்பாய்: விடிகிறவரை விமானம் வர முடியாது சார். அதுவரை டாங்கிகளை நிறுத்தியது யார், உங்கள் கால்குலேட்டரா?

கணக்குப்பிள்ளை: 1300?