பழைய போர்ஷேயின் சக்கரங்கள்: ‘ரெப்ளிகா’வுக்குத் தமிழில் என்ன?

(தென்னாப்பிரிக்கத் தமிழர் உரையாடல். பேசுகிறவர்கள் தங்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

சாட்ஸ்வொர்த், மாலை வகுப்பு ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தீபாவளிக் கண்காட்சியில் வைக்கப்போகும் ஒரு பழைய போர்ஷே 911 காருக்கு எங்கள் மாணவர்கள் தமிழில் விளக்க அட்டை எழுதுகிறார்கள். காருக்குப் பக்கத்தில் இரண்டு சக்கரங்கள் தனியே நிற்கும். ஒன்று ஜெர்மனியின் ஓட்டோ ஃபுக்ஸ் ஆலையில் செய்தது. ஐந்து இதழ் விரித்த அந்த வடிவம் 1966-இல் 911 எஸ் காரோடு வந்தது. இன்னொன்று கண்ணுக்கு அதே மாதிரி, ஆனால் வேறு ஆலையில் வார்த்தது. ‘ஒரிஜினல்’, ‘ரெப்ளிகா’ என்று அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சொல் தாருங்கள்.

பீனிக்ஸ்:
அக்கா, அசல், நகல். பத்திரம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் எதற்கு?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
தம்பி, இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. அதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் ஏற்கெனவே வேறோர் அசல் இருப்பது. அண்டை அசல், அசலூர் என்கிறோமே, அது அயல் என்பதன் திரிபு. உயிர் உசிர் ஆவது போல யகரம் சகரமாயிற்று. ஆக, தமிழ்க் காதுக்கு அசல் என்பது பக்கத்து வீட்டுக்காரனுடையது!

சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், நூல்களை முதல்நூல், வழிநூல் என்று இரண்டாக்கும். நன்னூல் சார்பையும் சேர்த்து மூன்றாக்கும். அந்தக் காருக்கென்றே முதலில் செய்தது முதற்சக்கரம். அதன் வடிவைப் பின்பற்றிப் பிறர் செய்தது வழிச்சக்கரம். வடிவம் வேறாகி, போல்ட் துளை மட்டும் பொருந்துவது சார்புச்சக்கரம். கடையில் விற்கும் எல்லா வகையும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

லெனேசியா:
ஐயா, பகுப்பு அழகு. ஆனால் அட்டையைப் படிக்கிறவர் முதற்சக்கரத்தை முன்சக்கரம் என்றும், வழிச்சக்கரத்தை வழியில் ஓடுகிற சக்கரம் என்றும்தான் எடுத்துக்கொள்வார். நான் ‘போலி’ என்பேன். இலக்கணத்தில் முகம் என்பது கடைசி எழுத்து மாறி முகன் ஆவது கடைப்போலி, பொருள் மாறுவதில்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நின்று அதே வேலையைச் செய்வதுதான் போலி.

பிறகு, சக்கரம் எதற்கு? எங்கள் வீட்டில் சில்லு என்போம், யாழ்ப்பாண வழக்கு. திருக்குறளில் ‘கால்வல் நெடுந்தேர்’ என்ற இடத்தில் காலே சக்கரம்தான்.

கிளேர்வுட், பட்டறை:
ரிம் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், போலி என்று தயவுசெய்து போடாதீர்கள். இலக்கணத்தில் அதற்கு என்ன மரியாதையோ, கடையில் அது ஏமாற்று. ரெப்ளிகாவை ரெப்ளிகா என்று சொல்லி விற்பவன் யாரையும் ஏமாற்றவில்லை. நல்ல ரெப்ளிகா நியாயமான பொருள்.

சில்லா சக்கரமா என்றும் கேட்கிறீர்கள். இங்கே யாரும் இரண்டையும் சொல்வதில்லை, ‘மேக்ஸ்’ என்கிறார்கள். அது மெக்னீசியத்திலிருந்து வந்த பேச்சு. ஆனால் ஃபுக்ஸ் அலுமினியக் கலவை. பேச்சு வழக்கு உலோகத்தைச் சரியாகச் சொல்லாது, நீங்கள் எழுதும் அட்டையாவது சொல்லட்டும்.

ஃபுக்ஸ் சக்கரம் சூடாக்கிய அலுமினியக் கட்டியை அச்சுக்குள் வைத்துப் பேரழுத்தத்தில் நசுக்கிச் செய்தது, அடித்தது என்போம். உலோகத்தின் இழை சக்கரத்தின் வளைவோடு சேர்ந்தே ஓடும். அதனால் மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும், எடை குறையும். ரெப்ளிகாவில் பெரும்பாலானவை உருக்கி ஊற்றி வார்த்தவை. உள்ளே நுண்ணிய காற்றுக்குழி தங்கலாம், அதற்கு ஈடு கட்டத் தடிப்பாக வார்ப்பார்கள், எடை ஏறும். நம் ரோட்டுப் பள்ளத்தில் வேகமாக விழுந்தால் அடித்த சக்கரம் பெரும்பாலும் வளையும், வார்த்தது விரியும். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது இதுதான். முன்னால் நின்று பார்த்தால் எதுவும் புரியாது. கழற்றிப் பின்புறம் பாருங்கள். அசலில் ஃபுக்ஸ் முத்திரை, பாக எண், செய்த மாதம், ஆண்டு எல்லாம் இருக்கும்.

பலர் அசலைப் பத்திரமாக வைத்துவிட்டு ரெப்ளிகாவில்தான் ஓட்டுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அண்ணன் சொன்ன ‘அடித்த’ என்பதற்குப் பழைய சொல் வடித்தல். ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’, புறநானூறு 312. வடித்த சக்கரம், வார்த்த சக்கரம், மோனைக்கே பொருந்துகிறது. அசலை எடுத்து வைப்பது பற்றிச் சொன்னதும் புறநானூறு 102 நினைவுக்கு வந்தது. உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு போன சேம அச்சு, அதாவது மாற்று அச்சு. ஸ்டெப்னிக்குச் சேமச்சக்கரம் என்று இன்றே வழங்கலாம். ஆனால் இவர்கள் கதையில் சேமத்தில் இருப்பது முதல், ஓடுவது வழி. உமணர் செய்ததற்கு நேர் எதிர். அச்சுக்கும் ஆணிக்கும் சக்கரத்தின் நடுக்குடமான குறட்டுக்கும் சங்க நூல்களிலிருந்து ஒரு பட்டியல் தொகுத்து அனுப்பட்டுமா?

சாட்ஸ்வொர்த், ஆசிரியை:
அனுப்புங்கள் ஐயா, வகுப்பில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் ‘வடித்த’ என்றதும் பிள்ளைகள் சோறு வடிப்பதைத்தான் சொன்னார்கள். காய்ச்சி அடித்தது என்றால் உடனே புரிந்தது. இன்னொரு கேள்வி. ஃபுக்ஸ் ஆலையே பழைய வடிவத்தில் இப்போது புதிதாகச் செய்து தருகிறது. அது அசலா, நகலா?

பீனிக்ஸ்:
மறுபதிப்பு. அதே அச்சகம், புதிய ஆண்டு.

லெனேசியா:
இதை ஏற்கிறேன். போலியையும் விட்டுவிடுகிறேன். சில்லை மட்டும் விடமாட்டேன்.

சாட்ஸ்வொர்த், ஆசிரியை:
நேரமில்லை, பெரும்பாலோர் சொன்னபடி முடிக்கிறேன். அட்டையில் பெரிய எழுத்தில் ‘அசல்’, ‘நகல்’. அதன் கீழே, அதே அளவு கவனத்தோடு, ‘காய்ச்சி அடித்தது’, ‘வார்த்தது’. சக்கரம் சக்கரமாகவே இருக்கட்டும். மறுபதிப்பு கண்காட்சியில் இல்லை, சொல்லை வகுப்புக் குறிப்பில் சேர்க்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அம்மா, அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு பதிவாகட்டும். பத்திரத்தை நகல் எடுத்தால் தாள் மாறும், எழுத்து மாறாது. அந்த எழுத்துக்காகத்தான் நகலே எடுக்கிறோம். இங்கே வடிவம் மட்டுமே நின்று, சுமை தாங்கும் உலோகத்தின் உட்கட்டே மாறிவிட்டது. அதை நகல் என்று எழுதினால் இரண்டும் ஒன்றே என்று சொல்வதாகிவிடும். அடுத்த ஆண்டு அட்டைக்காவது வழிச்சக்கரத்தை மறுபடி பாருங்கள்.