பாமும் எழுத்து: கற்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கேமரூனில் ஃபூம்பான் பக்கம் பேசப்படும் ஷுபாமோம் மொழியின் எழுத்தான பாமும் எழுத்தைக் கற்க இறங்குபவர்கள், எந்தக் கட்டத்து எழுத்து வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாமும் மக்களின் மன்னர் இப்ராஹிம் ந்ஜோயா 1896 வாக்கில் இந்த எழுத்தை உருவாக்கத் தொடங்கியபோது இருந்தவை பெரும்பாலும் படக்குறிகள், பல நூறு. அவற்றைத் திரும்பத் திரும்பக் குறைத்து, 1910-இல் 80 எழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நான்கு எழுத்தை வைத்து அதற்கு ‘அ-க-உ-கு’ என்று பெயர். அதில்தான் தொடங்க வேண்டும். பழைய கட்டங்கள் ஆவணம் படிப்பவர்களுக்கு. ஆரம்பத்திலேயே அங்கே போனால் நேரம்தான் வீண்.

80 எழுத்து மொழியின் எல்லா அசைகளுக்கும் போதாது. இல்லாத அசையை இருப்பதைக் கூட்டித்தான் எழுத வேண்டும். தமிழ்க் கண்ணுக்கு இங்கேதான் குழப்பம் வரும். ‘து’ எழுத்தை அடுத்து ‘உ’ எழுத்து நின்றால் ‘தூ’ என்று நெடிலாக வாசிக்கக் கூடாது. ‘பந்து’ என்பதில் வருகிற மாதிரி ஒலிப்புள்ள ‘து’ அது. அதே கணக்கில் ‘ஃபு’வும் ‘உ’வும் சேர்ந்தால் ‘வு’.

—

மேலே சொன்னதோடு மேற்குறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டே இரண்டுதான். மேலே கிடைக்கோடாக வரும் துக்வெந்திஸ், உயிரை நீக்கி மெய்யை மட்டும் விடும். நம் புள்ளி செய்கிற வேலைதான். ஆனால் புள்ளி மாதிரி எல்லா எழுத்துக்கும் அதை வைக்க முடியாது, 13 எழுத்துக்கு மட்டுமே உண்டு. கூரை வடிவில் வரும் கோக்ந்தோன் எதன் மேலும் வரும். பெரும்பாலும் அசையின் முடிவில் தொண்டையை டக்கென்று அடைக்கும் ஒலியைச் சேர்க்கும். எழுத்தின் கடைசியில் மெய் இருந்தால் அது விழுந்துவிடும். ஆள், ஊர் போன்ற சிறப்புப் பெயருக்கு முன்னால் தலைகீழ்க் கேள்விக்குறி போல ஒன்று நிற்கும். அது ந்ஜெம்லி, கேள்வி அல்ல.

எண்களில் ஒரு பொறி உண்டு. கடைசிப் பத்து எழுத்துகளே எண்களும்: மோ 1, தெத் 3, சம்பா 7. இப்போது 0 ஆக இருக்கும் குறிக்கு முன்பு மதிப்பு 10. பழைய கணக்கைப் படிக்கும்போது எந்த முறை என்று பார்க்காமல் கூட்டினால் தொகை தப்பும்.

தொனியை, அதாவது குரல் ஏறி இறங்குவதை, காதால்தான் பிடிக்க வேண்டும், எழுத்தை நம்பிப் பயனில்லை.

—

தட்டச்சுக்கு நோட்டோ சான்ஸ் பாமும் எழுத்துரு போதும். 80 எழுத்தும் குறிகளுமாக 88, யூனிகோடில் A6A0 முதல் A6F7 வரை. எழுத்தை முதலில் அடித்து, மேற்குறியைப் பிறகு அடியுங்கள். மாற்றினால் குறி முந்தைய எழுத்தின் மேல் போய் உட்காரும். பழைய கட்டங்களின் 569 எழுத்துகள் 16800-இல் தொடங்கும் தனித் தொகுதியில். யூடிஎஃப்-8-இல் இவை ஒவ்வொன்றும் நான்கு பைட். மூன்று பைட்டோடு நிற்கும் பழைய தரவுத்தளத்தில் சேமித்தால் உடையும். எழுத்தின் பெயரில் ‘கட்டம் டி’ என்று இருந்தால் அது கடைசியாகப் புழங்கிய கட்டம், தோன்றிய கட்டம் அல்ல. தேதி கணிப்பவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. எல்லா எழுத்தையும் சரியாக உச்சரித்தும் வாக்கியம் துளிகூடப் புரியவில்லை என்றால், அது ஷுபாமோமாகவே இல்லாமல் இருக்கலாம். ந்ஜோயா தன் அரசவைக்கென்று ஷூமோம் என்ற தனி மொழியையும் உருவாக்கினார். ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்களை எடுத்து, பொருளை இஷ்டத்துக்கு மாற்றிப் போட்ட மொழி. எழுத்து இதே எழுத்து. அகராதியைப் புரட்டும் முன் இரண்டில் எது என்று பாருங்கள்.