மேசை ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்தேன், குரல் பானைக்குள்ளிருந்து வருகிறது

மரத்தூள்:
3 அங்குல ஃபுல்ரேஞ்ச் ட்ரைவர் (எல்லா ஒலியையும் தானே தரும் ஒற்றை ஸ்பீக்கர்) இரண்டு வாங்கி, 18 மிமீ எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை)-இல் மூடிய பெட்டி செய்தேன், போர்ட் (காற்றுத் துளை) இல்லை. அளவு 15 × 20 × 20 செமீ, அதாவது 6 லிட்டர். கணினித் திரைக்கு இரு பக்கமும் மேசை மேலேயே வைத்து 65 செமீ தள்ளி உட்கார்ந்து கேட்கிறேன். வாத்தியங்கள் பரவாயில்லை, ஆனால் யாராவது பேச ஆரம்பித்தால் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தால் சரியாகிறது! ட்ரைவர் தாளில் விஏஎஸ் (ட்ரைவர் கூம்பின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) 2 லிட்டர், க்யூடிஎஸ் (ட்ரைவர் தன் அதிர்வை எவ்வளவு அடக்குகிறது என்கிற எண்) 0.5 என்று இருக்கிறது. பெட்டி பெரிதாகிவிட்டதா?

ஒலிப்பித்தன்:
முதலில் கணக்கு. நீங்கள் சொன்னது வெளி அளவு. 18 மிமீ பலகையை இரு பக்கமும் கழித்தால் உள்ளே 11.4 × 16.4 × 16.4, சுமார் 3 லிட்டர்தான், பாதி மரத்துக்கே போய்விட்டது. நானும் முதல் பெட்டியில் இதே தப்பைச் செய்தேன். ஆனால் உங்கள் ட்ரைவருக்கு 2 லிட்டர் இருந்தாலே க்யூடிசி (பெட்டிக்குள் வைத்த பிறகு வரும் அதே எண், 0.7 பக்கம் இருந்தால் நல்லது) 0.7 வந்துவிடும், 3 லிட்டரில் 0.65. அதனால் பெட்டி மேல் பழி போட வேண்டாம். தூக்கினால் சரியாகிறது என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. ட்ரைவரின் நடு மேசையிலிருந்து எவ்வளவு உயரம், காது எவ்வளவு உயரம்?

மரத்தூள்:
ட்ரைவர் 12 செமீ, காது 35 செமீ இருக்கும்.

ஒலிப்பித்தன்:
அப்படியானால் நேராக வரும் ஒலியைவிட மேசையில் பட்டு வருவது சுமார் 11 செமீ கூடுதலாகப் பயணிக்கிறது. 1500 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் ஒன்றையொன்று அழித்து அங்கே ஒலியில் ஒரு பள்ளம் விழும், குரலில் வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டிய இடமே அதுதான். ஒரு சின்னக் கண்ணாடியை மேசையில் படுக்க வைத்து நகர்த்துங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து அதில் ட்ரைவர் எங்கே தெரிகிறதோ (ஸ்பீக்கரிலிருந்து முக்கால் சாண் தள்ளி இருக்கும்) அங்கே தடித்த துண்டை மடித்துப் போட்டுக் கேளுங்கள்.

கம்பிச்சுருள்:
எதற்கு இவ்வளவு பாடு, ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) சேர்த்து டூ-வே, அதாவது இரண்டு ட்ரைவர் பெட்டி, ஆக்கிவிடுங்கள்.

ஒலிப்பித்தன்:
ட்வீட்டர் சேர்த்தால் மேசை காணாமல் போய்விடுமா அண்ணே? 65 செமீ-இல் வூஃபரும் (கீழொலி ட்ரைவர்) ட்வீட்டரும் தனித்தனியாகக் கேட்கலாம், தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே கிராஸ்ஓவர் இடத்தில் (ஒலி ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாறும் அதிர்வெண்) ஒலி மாறும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒற்றை ட்ரைவர்தான் நல்லது.

நள்ளிரவு_ரேடியோ:
துண்டில் பலன் தெரிந்தால் ஸ்டாண்ட் செய்து ட்ரைவரைக் காது உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், மேசை வழியே வருவது இன்னும் சுற்றி வருவதால் பலமும் குறையும், பள்ளமும் 560 ஹெர்ட்ஸ் பக்கம் கீழே இறங்கும். அப்புறம் குரல் மெலிந்து கூர்மையாகத் தெரிந்தால் அது 15 செமீ முகப்பலகையின் வேலை, சுமார் 770 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடும். அதைச் சரிசெய்யக் காயில், ரெசிஸ்டர் எல்லாம் இப்போதே சாலிடர் செய்யாதீர்கள், கணினி ஈக்குவலைசரில் 770 ஹெர்ட்ஸுக்கு மேலே 3 டிபி (டெசிபெல், ஒலி அளவின் அலகு) குறைத்துக் கேட்டுப் பாருங்கள். பின்சுவர் ஒட்டி இருந்தால் அதுவும் வேண்டியிருக்காது.

மரத்தூள்:
துண்டு போட்டதும் பாதி சரி. இப்போது இரண்டு பெட்டியும் தடித்த அகராதிகள் மேல் நிற்கின்றன, பானை போயே போய்விட்டது. 3 டிபி குறைத்தும் பார்த்தேன், எனக்கு 2 போதும். ஸ்டாண்டுக்கு மிச்ச எம்டிஎஃப் இருக்கிறது, இந்த முறை உள் அளவில் ஆரம்பிக்கிறேன் என்று எழுதிவிட்டுத்தான் யோசித்தேன், ஸ்டாண்டுக்கு ஏது உள் அளவு!