தேய்த்தால் போகாது: சின்னப் பிள்ளைகளின் வறண்ட, சொரசொரப்பான தோல் பற்றி நம் அனுபவங்கள்

வில்லிவாக்கம் அம்மா:

என் மகளுக்கு நாலரை வயது. ஒன்றரை வயதிலேயே மேல்கையின் வெளிப்பக்கம் கொஞ்சம் சொரசொரவென்று இருந்தது. வேர்க்குரு என்று விட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் சென்னையில் எந்தப் பிள்ளைக்கு வேர்க்குரு இல்லை? ஆனால் வேர்க்குரு மழை வந்தால் அடங்கிவிடும். இது ஐப்பசியிலும் அடங்கவில்லை, மார்கழியில் இன்னும் முள்ளு முள்ளாக நின்றது. தடவினால் உப்புத்தாளைத் தொட்ட மாதிரி இருக்கும். அடுத்த வருடம் தொடையிலும் கன்னத்திலும் வந்தது. அரிப்பு கிடையாது, வலி கிடையாது. அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாமியார் உடம்புச் சூடு என்றார். பக்கத்து வீட்டு அக்கா, "சரியா தேய்ச்சுக் குளிப்பாட்டல போல, அழுக்கு உக்காந்துடுச்சு" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது. பிள்ளையைச் சரியாகக் குளிப்பாட்டத் தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் காயவைத்து, மில்லில் வேண்டுமென்றே கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லி வாங்கி வந்தேன். கூடவே பீர்க்கங்காய் நார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து, சூடான தண்ணீர் ஊற்றி, கையைப் பிடித்து வைத்துக்கொண்டு தேய்ப்பேன். அழுவாள். தோல் சிவந்து, இரண்டு நாள் வழவழப்பாக இருக்கும். மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாக வரும். சரி, இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும் போல என்று நினைத்துக்கொள்வேன்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, அவளே ஆசைப்பட்டு வாங்கிய கையில்லாத கவுனைப் போடமாட்டேன் என்றாள். ஏன்டி என்றால், "அழுக்கு தெரியும்மா" என்றாள். நான்கு வயதுப் பிள்ளை. அந்த வார்த்தையை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான்.

அதற்குப் பிறகுதான் அண்ணாநகரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் அவள் கையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்க கையைக் காட்டுங்கம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. ரவிக்கைக் கையை மேலே ஏற்றச் சொன்னார். என் மேல்கையில் அதே முள்ளு. என் முப்பத்திரண்டு வயது வரைக்கும் அதை ஒரு நோய் என்றோ ஒரு விஷயம் என்றோ நான் யோசித்ததே இல்லை. முழங்கை வரை வரும் ரவிக்கையே தைத்துப் போட்டுப் பழகிவிட்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பெயர் கெரட்டோசிஸ் பிலாரிஸ். தோலில் இயல்பாகவே உண்டாகும் கெரட்டின் என்ற புரதம் மயிர்க்காலின் வாயில் சேர்ந்து, சின்ன மூடி போட்ட மாதிரி அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு முள்ளும் ஒரு அடைபட்ட மயிர்க்கால். அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மா அப்பாவில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரலாம். பிறருக்கு ஒட்டாது, பரவாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்யாது. தோல் வறண்டால் அதிகமாகும், அதனால்தான் மார்கழியில் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. வளர்ந்த பிறகு பலருக்குத் தானாகவே குறையுமாம்.

தேய்த்தது பற்றிக் கேட்டேன். தேய்க்கும்போது தோலின் மேற்பூச்சு போகிறது, தோல் இன்னும் வறளுகிறது, தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடித்துக்கொள்கிறது என்றார். இத்தனை நாளும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

அவர் சொன்ன சிகிச்சை ரொம்பச் சின்னது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளியல். வாசனை இல்லாத, நுரை குறைந்த சோப்பு. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், உடம்பு முழுக்க மாய்ஸ்சரைசர். இரவில் மேல்கைக்கும் தொடைக்கும் மட்டும், தோலில் ஈரத்தைப் பிடித்து வைத்து இளக்கும் 5 சதவீத யூரியா க்ரீம். பெரியவர்களுக்குக் கொடுக்கும் சாலிசிலிக் ஆசிட் க்ரீமைக் கடையில் பார்த்து வாங்கிப் போட்டுவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகளின் தோல் அதை உள்ளே இழுத்துவிடும் என்று எச்சரித்தார். ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார். ஆறு வாரத்தில் முழுக்கப் போய்விடவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் கையைத் தடவினால் உப்புத்தாள் நினைவு வருவதில்லை.

உங்கள் வீட்டில் எப்படி? தேய்ப்பதை நிறுத்த வேண்டும் என்று எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

மேடவாக்கம் அப்பா:

சிஸ்டர், படிச்சதும் எங்க பையனைக் கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிட்டேன். அவனுக்கு ரெண்டு வயசு. ஆனா எங்களோடது வேற மாதிரி. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னாடி, கழுத்து மடிப்பு. சொரசொரப்போட செம அரிப்பு. ராத்திரி தூக்கத்துலயே சொறிஞ்சு தலையணையில ரத்தம் இருக்கும். இது எக்சிமா, நம்ம ஊர்ல கரப்பான்னு சொல்றதுதான். முள்ளு இருந்தும் அரிப்பு இல்லன்னா பயப்படாம இருக்கலாம், அரிப்புதான் முதல்ல வருதுன்னா சீக்கிரம் டாக்டர்கிட்ட போயிடுங்க.

நான் முதல்ல தண்ணியைத்தான் சந்தேகப்பட்டேன். எங்க அபார்ட்மெண்ட்ல முழுக்க போர் தண்ணி. குழாய் வாயெல்லாம் வெள்ளையா உப்புப் படிஞ்சிருக்கும், சோப்புப் போட்டா நுரையே வராது. கடினத் தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து ஒரு படிவா தோல்ல ஒட்டிக்குது, அது தோலை உறுத்தும்னு படிச்சேன். உடனே கேன் தண்ணி வாங்கிக் குளிப்பாட்ட ஆரம்பிச்சேன். ஒரு மாசம் பண்ணியும் பெரிசா மாற்றம் இல்ல.

டாக்டர் பொறுமையா சொன்னார். கடினத் தண்ணி இருக்கிற ஊர்கள்ல எக்சிமா கொஞ்சம் அதிகமா தெரியுதுன்னு கணக்கு இருக்கு. ஆனா இங்கிலாந்துல எக்சிமா இருக்கிற 336 பிள்ளைகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2011-ல வெளிவந்தது. அதுல பாதிப் பேர் வீட்டுல தண்ணியை மென்மையாக்குற மெஷின் வச்சாங்க. அந்தப் பிள்ளைகளுக்கு மத்தவங்களைவிட கூடுதலா ஒரு பலனும் கிடைக்கல. "தண்ணிக்குச் செலவு பண்றதை மாய்ஸ்சரைசருக்குப் பண்ணுங்க"ன்னார்.

அப்பதான் எங்க தப்பு தெரிஞ்சுது. நாங்க சின்ன ட்யூப் ஒண்ணு வாங்கி, அதை ஒரு மாசத்துக்கு ஓட்டிக்கிட்டு இருந்தோம். முகத்துக்கு பவுடர் போடற மாதிரி அங்கங்க தொட்டு வைக்கிறது. உடம்பு முழுக்க வறட்சி இருக்கிற பிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராம்கூட ஆகுமாம்! இப்போ பெரிய டப்பாவா வாங்கறோம், காலையில குளிச்சதும் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. தோல் பளபளன்னு ஈரமா தெரியற அளவுக்கு, முடி வளர்ற திசையில கீழ்நோக்கித் தடவறோம். ஏசியை 26-க்குக் கீழ வைக்கிறதில்ல. நகத்தை வாரம் ரெண்டு தடவை வெட்டறோம்.

தலையணையில ரத்தம் பார்த்து நாலு மாசம் ஆச்சு.

பழைய வண்ணாரப்பேட்டை பாட்டி:

மேடவாக்கம் தம்பி, என் பேரனுக்கும் இதே கரப்பான்தான். பேத்தி எனக்காக டைப் பண்ணித் தருகிறாள். நான் செய்த தவறை மற்ற பாட்டிகள் செய்யக் கூடாது என்று சொல்லச் சொன்னேன்.

அவன் கன்னத்தில் சிவந்து சொரசொரப்பாக இருந்தது. தெருமுனை மருந்துக்கடையில் காட்டினேன். கடைப் பையன் ஒரு ட்யூப் கொடுத்தான். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நிறுத்தினால் திரும்ப வரும், திரும்பப் போடுவேன். இப்படியே ஐந்து மாதம். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பார்ப்பது நான்தான். ஒரு நாள் மருமகள் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கன்னத்தில் நரம்பு நரம்பாகத் தெரிகிறதே அத்தை என்றாள். தோல் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். அந்த ட்யூபில் வீரியமான ஸ்டீராய்டோடு படர்தாமரை மருந்தும் கிருமிக்கொல்லியும் கலந்திருந்ததாம். 2018-லேயே பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டிருக்கிறது. எனக்கு எங்கே தெரியும்? கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே ஓடவும் வேண்டாம். அந்த டாக்டரம்மாவே அவன் கை மடிப்புக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். பெரியவர் ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால், அது நம் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும், இத்தனை நாள் மட்டும், முகத்துக்குக் கூடாது என்று அளவு சொல்லிக் கொடுத்தார். எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கரப்பான் பண்டம் என்று கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் பேரனுக்கு நிறுத்தி வைத்திருந்தேன். சோதித்துப் பார்க்காமல் வளரும் பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள் என்றார். சாம்பிராணிப் புகையையும் நிறுத்தச் சொன்னார், அதுதான் எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. தேங்காய் எண்ணெய்க்குத் தடையில்லை. ஆனால் தடவிவிட்டுக் கடலைமாவு போட்டு உரித்து எடுக்காமல், குளித்த பிறகு ஈரத் தோலில் தடவி அப்படியே விடச் சொன்னார். செக்கு எண்ணெயை இப்போது அப்படித்தான் தடவுகிறேன். கன்னம் தேறி வருகிறது. ஒரு வருடம் ஆகிவிட்டது.

பெருங்குடி சித்தி:

சுருக்கமா ஒண்ணு. அக்கா பொண்ணுக்கு விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுத்தி பொரிப்பொரியா வந்துச்சு. வறட்சின்னு ஒரு மாசம் க்ரீம் தடவினோம். ராத்திரியானா அரிப்பு தாங்காம அழுவா. அப்புறம் எனக்கும் அரிக்க ஆரம்பிச்சது. பார்த்தா சிரங்கு, ஸ்கேபீஸ். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ள போய் முட்டை வைக்கிறது. பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமை வீட்டுல எல்லாரும் ஒரே ராத்திரி கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் பூசி, காலையில குளிச்சோம். ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை. படுக்கை, துணி எல்லாம் வெந்நீர்ல. அரிக்கலைன்னு அக்கா வீட்டுக்காரர் மட்டும் முதல் தடவை பூசிக்கல, அவர்கிட்டேர்ந்து திரும்ப வந்துச்சு. வீட்டுல ஒருத்தருக்கு மேல அரிச்சா இதை யோசிங்க.

வியாசர்பாடி அங்கன்வாடி டீச்சர்:

என் மையத்துக்கு வரும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இந்த முள்ளு வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். முழங்கையின் வெளிப்பக்கம், முழங்கால் முட்டி, புட்டம். கருத்து, தடித்து, நடுவில் ஆணி வைத்த மாதிரி. இதைத் தேரைத் தோல் என்பார்கள். மருத்துவத்தில் ஃப்ரினோடெர்மா. கிரேக்கத்தில் தேரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து நிக்கல்ஸ் என்ற மருத்துவர் 1933-ல் வைத்த பெயர். அப்போது வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்றார்கள். பிறகு நல்ல கொழுப்புச் சத்து, பி வைட்டமின், மொத்தமாகவே ஊட்டம் குறைவது என்று பல காரணங்கள் தெரிய வந்தன.

அதனால் முட்டியில் முள்ளு இருந்தால் நான் அம்மாக்களிடம் இரண்டு கேள்வி கேட்பேன். பிள்ளை சாயங்காலம் இருட்டினால் தடுமாறுகிறதா, அதாவது மாலைக்கண் இருக்கிறதா? வைட்டமின் ஏ சொட்டு விடாமல் போட்டீர்களா? ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் 9 தவணை. பாதிப் பேர் அம்மைத் தடுப்பூசியோடு முதல் தவணை போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். சொட்டு இலவசம், கேட்டு வாங்குங்கள். முருங்கைக்கீரையைப் பொரித்துக் கொடுக்கும்போது எண்ணெயைக் குறைக்காதீர்கள், அந்த வைட்டமின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், வைட்டமின் ஏ அளவு மீறினால் ஈரலுக்குக் கெடுதல்.

வில்லிவாக்கம் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதைப் படித்ததும் முதல் வேலையாக மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தவணை விட்டுப் போயிருக்கிறது. அடுத்த புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம்.

யூரியா க்ரீம் எரியுமா என்று தனியாகக் கேட்ட தோழிக்கு: கீறல், வெடிப்பு இருக்கும் இடத்தில் எரியும். கரப்பான் பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். நல்ல தோலில் என் மகளுக்கு எரியவில்லை.

நேற்று ஊரிலிருந்து அம்மா பேசினார். எனக்கும் சின்ன வயதில் அம்மா செங்கல் துண்டை உரசி மேல்கையைத் தேய்த்துவிடுவார், தொட்டித் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. டாக்டர் என் கையைப் பார்த்ததைச் சொன்னேன். அழுக்கு இல்லையாம்மா, நம் குடும்பத்துத் தோலாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக் களிம்பு ஒண்ணு எனக்கும் வாங்கிட்டு வாடி" என்றார்.