.38 ஸ்பெஷல் ஈயக் குண்டுக்கு ஏற்ற மசகு எது?

ஆஸ்டின்வாசி:
அனைவருக்கும் வணக்கம். டெக்சஸில் வசிக்கும் நான், நான்கு அங்குலக் குழல் கொண்ட .357 மேக்னம் ரிவால்வரில், காகித இலக்கைச் சுடும் பயிற்சிக்காக .38 ஸ்பெஷல் தோட்டாக்களைப் பயன்படுத்துகிறேன். பழைய கார்ச் சக்கரங்களில் பொருத்தும் ஈய எடைகளை உருக்கி 158 கிரெயின் எடையுள்ள குண்டுகளை நானே வார்த்து, 0.358 அங்குல அளவுக்குக் கொண்டுவந்து, கடையில் வாங்கிய நீல நிறக் கெட்டி மெழுகை மசகாகக் குண்டின் பள்ளங்களில் அழுத்தி நிரப்புகிறேன். ஐம்பது தோட்டாக்கள் முடிவதற்குள் குழலின் உட்புறத்தில் ஈயம் கீற்றுக் கீற்றாகப் படிந்துவிடுகிறது. அதைத் தேய்த்து எடுப்பதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடுகிறது. லீ நிறுவனத்தின் திரவ ஆலக்ஸுக்கு (ஒரு பெட்ரோலிய மசகு) மாறலாமா, தேன்மெழுகும் ஆலக்ஸும் சரிபாதி கலந்த பழைய கலவையே மேலா, அல்லது இப்போது பலரும் செய்வதுபோல் பவுடர் பூச்சுக்கே போய்விடலாமா என்று வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

பழைய வார்ப்பாளர்:
மசகைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி: ஈயம் குழலின் எந்தப் பகுதியில் படிகிறது? தோட்டாக்களைப் போடும் சுழல் உருளையான சிலிண்டரை ஒட்டிய முதல் ஓரிரண்டு அங்குலத்தில் படிந்தால், பெரும்பாலும் குண்டு குழலுக்குச் சிறியதாக இருந்து, அதன் பக்கவாட்டில் புகுந்த சூடான வாயு ஈயத்தை அரித்துக்கொண்டு போகிறது என்று பொருள். குழலின் வாய்ப்பக்கத்தில் மட்டும் படிந்தால்தான், மசகு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று அதன்மேல் குற்றம் சொல்லலாம். முதல் வகைக் கோளாறை எந்த மசகாலும் தீர்க்க முடியாது என்பதை நான் ஐந்தாறு வகை மெழுகுகளுக்குப் பணம் அழுத பிறகே கற்றுக்கொண்டேன்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். மென்மையான ஈயத் துண்டு ஒன்றுக்கு எண்ணெய் தடவி, தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழல் வழியாக மெல்லத் தட்டி வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்கள் (வரிகள்) ஐந்து இருந்தால், அந்த ஈயத் துண்டில் ஒரு மேட்டுக்கு எதிரே இன்னொரு மேடு அமையாது என்பதால் சாதாரண மைக்ரோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பிறகு சிலிண்டரின் ஆறு அறைகளையும் முன்பக்கத்திலிருந்து சோதியுங்கள். குண்டு குழலின் பள்ள விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் அறையின் வாய் அதைவிடக் குறுகியிருந்தால், நீங்கள் 0.358 என்று அளந்து போட்ட குண்டு, குழலை எட்டும் முன்பே நசுங்கி இளைத்துவிடும்.

இனி மசகு. நொடிக்கு ஏறத்தாழ 800 அடி வேகத்தில் போகும் .38 ஸ்பெஷலுக்கு அந்த நீலக் கெட்டி மெழுகு தேவையே இல்லை. குண்டுகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பும் வணிகர்களுக்கு, வழியில் உதிராமலும் உருகாமலும் இருக்க வேண்டும் என்பதற்காகவே அது அவ்வளவு கெட்டியாகச் செய்யப்படுகிறது; சூடாக்காமல் அழுத்தினால் பள்ளத்தில் சரியாக ஒட்டாது, குறைந்த அழுத்தத்தில் இளகிப் பரவவும் தயங்கும். அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கத்தின் கர்னல் ஹாரிசன் பரிந்துரைத்த சரிபாதி ஆலக்ஸ், தேன்மெழுகுக் கலவை இந்த வேகத்துக்கு இன்றும் போதுமானது. சுட்டு முடித்தபின் குழல் வாயைச் சுற்றி மெல்லிய நட்சத்திர வடிவில் மசகு தெரிந்தால், அது கடைசி வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று மகிழலாம்.

திரவ ஆலக்ஸைத் தேர்ந்தெடுத்தால் கஞ்சத்தனம் காட்டுங்கள். குண்டுகள் பொன்னிறமாக மினுங்கினாலே போதும். தேன் ஊற்றியதுபோல் இருந்தால் நாள் கணக்கில் காயாமல் பிசுபிசுக்கும், தோட்டாவில் குண்டைப் பொருத்தும் அச்சிலும் அப்பிக்கொள்ளும். மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயின்ட்டைக் கரைக்கும் திரவம்) கொஞ்சம் சேர்த்து நீர்க்கச் செய்தால் ஓரிரவில் உலர்ந்துவிடும்.

பவுடர் பிரியன்:
ஐயா சொன்ன அளவுச் சோதனையை ஏற்கிறேன். மசகில் மட்டும் மாறுபடுகிறேன். ஈயக் குண்டு சுடும்போது எழும் புகையில் பெரும்பகுதி எரியும் மசகால் வருவதே. கூரையுள்ள சுடுதளத்தில் அது பெரும் தொல்லை. பாலியெஸ்டர் பவுடரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுகளுடன் குலுக்கி, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் சுட்டெடுத்தால் மசகே வேண்டியதில்லை. டெக்சஸ் வெயிலில் காருக்குள் வைத்தாலும் உருகி ஒழுகாது. பூச்சு குண்டின் விட்டத்தைச் சற்றே கூட்டும் என்பதால், பூசிய பிறகு அளவுப்படுத்துவதே முறை. அதற்கென்று பழைய மின் அடுப்பு ஒன்றைத் தனியாக வாங்கிக் கொட்டகையில் வையுங்கள். வீட்டில் ரொட்டி சுடும் அடுப்பில் ஈயத்தை வைக்கவே கூடாது.

கருமருந்து ரசிகர்:
கேட்டவருக்கு நேரடியாகப் பயன்படாது என்றாலும் ஒன்று சொல்கிறேன். கருமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்துத் தோட்டாவுக்கு ஆலக்ஸ் போன்ற பெட்ரோலிய மசகு ஆகாது. கரியோடு சேர்ந்து தார்போல் இறுகிவிடும். அங்கே தேன்மெழுகும் தாவர எண்ணெயும் அல்லது விலங்குக் கொழுப்புமே பழைய வழக்கம். தோட்டாவுக்கு எந்தக் கொழுப்பைத் தடவுவது என்ற கேள்வி 1857இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் வழியாகச் சிப்பாய்க் கிளர்ச்சியாகி ஒரு பேரரசையே ஆட்டிவைத்ததை நினைத்தால், நம் சண்டை சின்னதுதான்.

ஆஸ்டின்வாசி:
மூவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். குழலின் பள்ள விட்டம் 0.357 அங்குலம், ஆனால் சிலிண்டர் அறைகளில் நான்கின் வாய் 0.3565தான் இருக்கிறது. 0.358 குண்டு இரண்டு அறைகளில் மட்டுமே விரலால் தள்ளியதும் இறங்கியது. ஈயமும் சிலிண்டரை ஒட்டிய பகுதியில்தான் படிந்திருக்கிறது.

பழைய வார்ப்பாளர்:
அப்படியானால் நோய் தெரிந்துவிட்டது. துப்பாக்கி பழுது பார்க்கும் தேர்ந்தவரிடம் கொடுத்து, நான்கு வாய்களையும் மற்ற இரண்டின் அளவுக்கு விரித்து வாங்குங்கள். இது நாமே துளைப்பானை வைத்துச் செய்யும் வேலை அன்று. அதுவரை, பழைய பித்தளைத் தூரிகையில் செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றித் தேய்த்தால் ஈயம் சில நிமிடங்களில் வந்துவிடும். கடையில் விற்கும் பாத்திரம் தேய்க்கும் சுருள் சில வேளைகளில் செம்புப் பூச்சிட்ட இரும்பாக இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் குழலுக்குள் விடாதீர்கள். சிலிண்டர் திரும்பி வந்ததும், அந்த நீல மெழுகையே ஒருமுறை நன்றாகச் சூடாக்கி அழுத்திப் பாருங்கள். வாங்கிய பணத்துக்காவது அது வேலை செய்யட்டும்.